கடவுள் சும்மா மன்னித்திருக்கக் கூடாதா?

திருக்கோவில் பக்கமிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சைவக் குடும்பம். கூட வேலை செய்பவர் அழைத்ததால் பெரிய வெள்ளி ஆராதனைக்குப் போயிருக்கிறார். "இயேசு உங்கள் பாவங்களுக்காக இரத்தம் சிந்தினார்" என்ற வசனம் பிரசங்கத்தில் திரும்பத் திரும்ப வந்ததாம். அவர் கேட்பது இதுதான்: கடவுள் அன்பானவர் என்கிறீர்கள், மன்னிக்க மனமிருந்தால் மன்னித்துவிட்டுப் போகலாமே, எதற்கு ஒரு உயிர்? வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள், என் வினையை இன்னொருவர் எப்படி அறுப்பார்? அப்படி அறுத்துவிட்டார் என்றால் இனி நான் எதையும் செய்யலாமா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றே. இந்தப் பலியை யார் யாருக்குக் கொடுத்தார்கள்? கோபத்தில் இருக்கும் கடவுளைச் சாந்தப்படுத்த மனிதர் கொடுத்ததா, வேறெதுவுமா? இதற்குப் பதில் தெளிவானால் மூன்றும் தாமாக வழிக்கு வரும். நம்பாதவருக்கும் இந்தப் பலி உரியதா என்று கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார், அதற்கு முடிவில் வருகிறேன்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். நாசரேத்தூர் இயேசு, பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட கி.பி. 26 முதல் 36 வரையான காலத்தில் சிலுவையில் அறையப்பட்டு இறந்தார் என்பதில் வரலாற்றாய்வாளரிடையே பெரிய பிணக்கு இல்லை. (காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ உள்ள முஸ்லிம் நண்பரிடம் கேட்டால், ஈஸா நபி சிலுவையில் கொல்லப்படவில்லை என்பார். அது குர்ஆனின் போதனை. அங்கே எங்கள் வழிகள் பிரிகின்றன, அதை மூடிமறைக்கத் தேவையில்லை.) அந்த மரணத்தின் பொருள் பற்றிய நம்பிக்கையும் மிகப் பழையது. கொரிந்து நகரச் சபைக்கு 54, 55ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதத்தில் திருத்தூதர் பவுல், "கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார்" என்பதைத் தன் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. தனக்கு முன்னிருந்தவர்களிடம் பெற்று ஒப்படைத்த செய்தி என்கிறார். ஆக, இது பிற்காலத்தில் யாரோ சேர்த்த விளக்கமில்லை, தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் "பாவங்களுக்காக" என்பது உண்மையா என்பதை வரலாற்று ஆய்வால் நிறுவ முடியாது. மறுக்கவும் முடியாது. அது விசுவாசத்தின் எல்லைக்குள் இருக்கும் விஷயம். நான் இங்கே செய்யக்கூடியது கிறிஸ்தவர் என்ன நம்புகிறார்கள், ஏன் அப்படி நம்புகிறார்கள், எங்கே அதைப் பிழையாகச் சொல்கிறார்கள் என்று காட்டுவது மட்டுந்தான்.

பிழை பெரும்பாலும் பிரசங்க மேடையிலேயே தொடங்குகிறது. பிதா கோபத்தோடு கையை ஓங்குகிறார், குமாரன் இடையில் புகுந்து அடியை வாங்கிக்கொள்கிறார், பிதாவின் கோபம் தணிகிறது என்ற சித்திரம் சொல்ல எளிது, கேட்பவர் கண்ணிலும் நீர் வரும். ஆனால் அது கிறிஸ்தவம் இல்லை. புதிய ஏற்பாடு முழுவதையும் தேடிப் பாருங்கள், கடவுள் எங்களோடு ஒப்புரவாக்கப்பட்டார் (பகை நீங்கிச் சேர்த்துவைக்கப்பட்டார்) என்று ஓரிடத்திலும் இல்லை. நாங்கள் கடவுளோடு ஒப்புரவாக்கப்பட்டோம் என்றுதான் எங்கும் இருக்கிறது. கிறிஸ்துவுக்குள் கடவுளே நின்று உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்பது இரண்டாம் கொரிந்தியர் 5ஆம் அதிகாரம். நாங்கள் இன்னும் பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து எங்களுக்காக மரித்தது கடவுளின் அன்புக்குச் சான்று என்பது ரோமர் 5. அன்பு சிலுவைக்கு முந்தியது. சிலுவையால் வாங்கப்பட்டதில்லை. கடவுளின் கோபம் என்பதும் விவிலியத்தில் உண்டு, அதே ரோமர் 5 அதையும் பேசுகிறது. தீமையைக் கண்டும் காணாமல் இருக்க மாட்டார் என்பது அதன் பொருள். பாவியை வெறுக்கும் ஒருவரைப் பணிய வைக்க வேண்டியிருந்தது என்று அதற்குப் பொருள் இல்லை.

இரத்தம் பற்றிய கேள்விக்கு வர, பழைய ஏற்பாட்டில் பலி எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். நாங்கள் "பலி" என்றதும் நினைப்பது ஒன்று, பலிச் சட்டங்களைச் சொல்லும் லேவியராகமத்தில் இருப்பது இன்னொன்று. சாதாரண ஒரு இஸ்ரவேலன் தெரியாமல் ஒரு பாவம் செய்துவிட்டான் என்று வையுங்கள். பழுதில்லாத ஒரு பெண் வெள்ளாட்டைக் கொண்டுவர வேண்டும். அதன் தலையில் கையை வைக்க வேண்டும். அறுப்பது குரு இல்லை, கொண்டுவந்தவனே அறுக்க வேண்டும். அதன் பிறகுதான் குருவின் வேலை தொடங்கும். இரத்தத்தில் கொஞ்சத்தை விரலால் எடுத்துப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசுவார், மிச்சத்தைப் பீடத்தின் அடியில் ஊற்றுவார், கொழுப்பை எரிப்பார். இறைச்சி குருவின் உணவாகும். மொத்தச் சடங்கில் கொல்லுதல் ஒரு சிறு பகுதி. இரத்தம் என்ன செய்யப்படுகிறது என்பதுதான் மையம். காரணத்தை 17ஆம் அதிகாரம் சொல்கிறது: உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அதைப் பீடத்தின்மேல் உங்களுக்காகப் பாவநிவாரணம் செய்ய நானே தந்தேன். "நானே தந்தேன்" என்பதைக் கவனியுங்கள். அந்தப் பழைய சட்டத்திலேயே கடவுள் வாங்குபவராக மட்டும் நிற்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, ஏழாம் மாதம் பத்தாம் நாள் வரும் பாவநிவாரண நாளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தலைமைக் குரு வழக்கமான பொன் வேலைப்பாட்டு உடையைக் கழற்றிவிட்டு, குளித்து, வெறும் சணல்நூல் உடை உடுத்துவார். முதலில் தனக்கும் தன் வீட்டாருக்கும் ஒரு காளை. தானே பாவி என்பதை மறந்துவிட்டு உள்ளே போக முடியாது. தூபக் கலசத்தில் தணலும், இரண்டு கைநிறைய பொடித்த தூபமும் எடுத்துக்கொண்டு திரைக்கு உள்ளே போய், புகை கிருபாசனத்தை, அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடியை, மூடும்படி செய்வார். பிறகு காளையின் இரத்தத்தைக் கிருபாசனத்தின்மேல் விரலால் தெளித்து, அதற்கு முன்பாக ஏழுதரம் தெளிப்பார். மக்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் நிற்கும். சீட்டுப் போட்டு ஒன்றை ஆண்டவருக்கு என்று பிரிப்பார்கள். அது அறுக்கப்படும், அதன் இரத்தமும் அதேபோல் உள்ளே போகும். அதனால் சுத்திகரிக்கப்படுவது, மக்களின் பாவத்தால் தீட்டுப்பட்ட தூயகமும் பீடமும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டாவது கடாவை அருகே கொண்டுவருவார்கள். குரு இரண்டு கைகளையும் அதன் தலையில் வைத்து இஸ்ரவேலரின் எல்லாப் பாவங்களையும் அறிக்கையிட்டு அவற்றை அதன்மேல் சுமத்துவார். அந்தக் கடா கொல்லப்படாது. ஆளில்லாத வனாந்தரத்துக்கு ஓட்டிவிடப்படும்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பாவம் சுமத்தப்பட்ட கடா சாகவில்லை. செத்த கடாவின்மேல் பாவம் சுமத்தப்பட்டதாகச் சொல்லப்படவும் இல்லை. ஆகவே "மனிதனுக்கு விழ வேண்டிய தண்டனை ஆட்டுக்கு விழுந்தது" என்று லேவியராகமத்தை ஒரே வரியில் சுருக்கினால் அது நிற்காது. ஒரு கடா தீட்டை நீக்குகிறது, மற்றது பாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. சுத்திகரிப்பும் அகற்றுதலும். இன்னொரு விவரமும் உண்டு. "இரத்தம் சிந்துதலில்லாமல் மன்னிப்பு இல்லை" என்ற, புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தில் வரும் 9:22ஐ எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே வசனத்தின் முன்பாதி "ஏறக்குறைய எல்லாம்" என்று தொடங்குவதை விட்டுவிடுவார்கள். காரணத்தோடுதான் அந்த "ஏறக்குறைய." ஆட்டுக்கு வசதியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம், அதற்கும் வழியில்லாத ஏழை எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ இரண்டு லீற்றர் மாவைக் கொண்டுவந்தாலே போதும் என்கிறது லேவியராகமம் 5. எண்ணெய் வேண்டாம், சாம்பிராணி வேண்டாம். இரத்தமே இல்லாமல் அவனும் மன்னிக்கப்பட்டான். இரத்தத்துக்குத் தாகம் கொண்ட தெய்வம் என்றால் இந்தச் சலுகைக்கு இடமே இருந்திருக்காது.

இந்த ஏற்பாட்டுக்கு எல்லைகளும் இருந்தன. வேண்டுமென்றே துணிந்து செய்யும் பாவத்துக்குப் பலி இல்லை என்று எண்ணாகமம் 15 சொல்கிறது. பலியில் உமக்குப் பிரியமில்லை, நொறுங்கிய உள்ளத்தை நீர் புறக்கணிக்க மாட்டீர் என்று 51ஆம் சங்கீதம் பாடுகிறது. பலியை அல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்று ஓசியா. இந்தப் பின்புலத்தில்தான் எபிரெயர் நிருபத்தின் வாதம் வருகிறது: காளை, வெள்ளாட்டுக் கடாக்களின் இரத்தத்தால் பாவத்தை நீக்கவே முடியாது, முடிந்திருந்தால் ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டி வந்திருக்காது. கிறிஸ்து ஒரேதரம், தம்மையே செலுத்தினார். குருவும் அவரே, பலியும் அவரே. இரத்தம் உள்ளே போகும் பலியின் உடல் பாளயத்துக்கு வெளியே எரிக்கப்படும் என்ற சட்டத்தைக்கூட அந்த நிருபம் விடவில்லை. இயேசு நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டதை அதோடு சேர்த்துப் படிக்கிறது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு யூதரிடமும் விலங்குப் பலி நின்றுபோயிற்று. ஆனால் கிறிஸ்தவர் பலியை விட்டதற்குக் காரணம் ஆலயம் இடிந்தது மட்டுமில்லை. இனி ஒன்று தேவையில்லை என்ற நம்பிக்கைதான் முதற்காரணம்.

சரி, சும்மா மன்னித்திருக்கலாமே என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. எங்கள் ஊர்ச் சீட்டை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் மாதாமாதம் கட்டுகிறார்கள். ஒருவர் முதல் மாதமே கூறி எடுத்துக்கொண்டு, பிறகு கட்டாமல் இருந்துவிடுகிறார். சீட்டுப் பிடிக்கிற அக்கா இரக்கப்பட்டு, "சரி தம்பி, போகட்டும்" என்று சொல்லலாம். சொன்னவுடன் அந்தப் பணம் மாயமாக மறைந்துவிடாது. மற்றப் பத்தொன்பது பேருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். தன் காதுத்தோட்டை அடகு வைத்தாவது அவர்தான் அதைக் கட்ட வேண்டும். கட்டாமல் "மன்னித்துவிட்டேன்" என்றால் அது மன்னிப்பில்லை, மற்றவர்களுக்குச் செய்த துரோகம். எந்த உண்மையான மன்னிப்பிலும் நட்டம் எங்கேயோ போய் விழுகிறது, மன்னிப்பவர் அதைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். கிறிஸ்தவர் சிலுவையில் பார்ப்பது இதைத்தான்: கடவுள் நட்டத்தைத் தாமே ஏற்றார். மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்து அவர் தலையில் கட்டவில்லை. அதனால்தான் இயேசு கடவுளின் குமாரன், பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்ற 325ஆம் ஆண்டின் நிசேயா அறிக்கை இந்த விஷயத்துக்கு அத்தனை அவசியம். அதை எடுத்துவிட்டால், ஒரு அப்பாவி மனிதனைக் கொன்று கணக்குத் தீர்த்த கதைதான் மிஞ்சும். அப்போது நண்பரின் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்காது.

இதற்கு மேல் "எப்படி" என்று கேட்டால் உறுதியான தரை முடிந்து, விவாதத்துக்குரிய பகுதி தொடங்குகிறது. ஆதித் திருச்சபையின் பொதுச் சங்கங்கள் எதுவும் சிலுவை எப்படிச் செயற்படுகிறது என்று வரையறுக்கவில்லை. "எங்களுக்காக" என்று மட்டுமே விசுவாச அறிக்கை சொல்கிறது. மாற்கு 10:45இல் இயேசு தம் உயிரை அநேகருக்காக மீட்புப்பொருளாகக் கொடுப்பதாகச் சொல்கிறார். யாரிடம் கொடுத்தார்? சாத்தானிடம் என்று சில பழைய ஆசிரியர்கள் சொன்னார்கள். நான்காம் நூற்றாண்டு நாசியான்சு கிரகோரியார் அதைக் கடுமையாக மறுத்தார், கொள்ளைக்காரனுக்குக் கடவுள் விலை கொடுப்பதா என்று. பிதாவும் அதைக் கேட்டு வாங்கவில்லை என்றார். 1098 அளவில் கன்ரபரி அன்செல்ம் வேறு வழியில் வாதிட்டார்: பாவத்தால் கடவுளுக்குரிய மதிப்பு பறிக்கப்பட்டது, ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், செய்யக்கூடியவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுள் மனிதனாக வந்தார். அவருக்கு ஈடு வேறு, தண்டனை வேறு. இரண்டில் ஒன்று நடந்தால் போதும், நடந்தது ஈடு. 16ஆம் நூற்றாண்டில் சட்டம் படித்த கல்வின் போன்ற சீர்திருத்தவாதிகள் அதைத் தண்டனை என்ற பக்கம் திருப்பினார்கள்: எங்களுக்கு வர வேண்டிய தீர்ப்பைக் கிறிஸ்து எங்கள் இடத்தில் நின்று ஏற்றார். இன்று மட்டக்களப்பின் சுதந்திரச் சபைகளில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த விளக்கந்தான். அதற்கு ஆதாரமில்லாமல் இல்லை. ஏசாயா 53ம், கலாத்தியர் 3:13ம், முதலாம் பேதுரு 2:24ம் அந்தப் பக்கம் பலமாகச் சாய்கின்றன. ஆனால் அது ஒன்றே நற்செய்தி என்று சொல்வது மிகை. அன்செல்முக்கு அடுத்த தலைமுறையில் அபெலார்ட், சிலுவையில் வெளிப்பட்ட அன்பு எங்களில் அன்பை மூட்டுவதே மீட்பு என்றார். கிழக்குத் திருச்சபைகள் சாவின்மீதும் தீமையின்மீதும் கிடைத்த வெற்றியை முன்னே வைக்கின்றன.

என் தீர்ப்பைக் கேட்டால், இந்த விடயத்தில் 13ஆம் நூற்றாண்டு அக்குவினா தோமாவின் நிதானமே சிறந்தது. அவர் ஒரு விளக்கத்தோடு நிற்கவில்லை. ஈடு, பலி, மீட்பு என்று பல வகையில் கிறிஸ்துவின் பாடுகள் செயற்படுகின்றன என்றார். அதைவிட முக்கியமாக, கடவுள் வேறு வழியிலும் மனிதரை மீட்டிருக்கலாம், ஈடு எதையும் கேட்காமல் மன்னித்திருந்தாலும் அது அநீதியாகாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த வழியே மிகப் பொருத்தமானது, ஏனென்றால் கடவுள் எவ்வளவு நேசிக்கிறார் என்பதும் பாவம் எவ்வளவு பாரமானது என்பதும் ஒரே இடத்தில் தெரிகின்றன என்றார். ஆக, "சும்மா மன்னித்திருக்கலாமே" என்ற உங்கள் கேள்வி விசுவாசத்துக்கு எதிரான கேள்வி இல்லை. கத்தோலிக்க இறையியலின் மிகப் பெரிய ஆசிரியர் அதைக் கேட்டு, "ஆம், இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்.

வினை பற்றிய கேள்விக்கு வருகிறேன். மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமக்க மாட்டான், பாவம் செய்தவனே சாவான் என்று எசேக்கியேல் 18 திட்டவட்டமாகச் சொல்கிறது. அந்த அளவில் விவிலியமும் உங்கள் பக்கம்தான். ஒருவரின் குற்றத்தை வேற்றாள் ஒருவர் தலையில் தூக்கிவைப்பது நீதியில்லை. கிறிஸ்தவர் சொல்வது, கிறிஸ்து வேற்றாள் இல்லை என்பது. முழு மனித இனத்துக்கும் தலையாக அவர் மனித இயல்பை எடுத்துக்கொண்டார், நாங்கள் விசுவாசத்தாலும் திருமுழுக்காலும் அவரோடு இணைக்கப்படுகிறோம், அந்த இணைப்பால்தான் அவருடையது எங்களுடையதாகிறது. அந்த இணைப்பை ஏற்காதவருக்கு இந்த வாதம் வலுவாகத் தோன்றாது, அதில் வியப்புமில்லை. சைவ சித்தாந்தத்திலும் வினைக்கணக்கு மட்டுமே கடைசி வார்த்தையாக நிற்கவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். பிராரத்தம் (இப்பிறவியில் பலன் தரத் தொடங்கிய வினை) அனுபவித்தே தீர வேண்டும், ஆனால் சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கும் பழைய வினை) தீட்சையில் குருவருளால் அழிக்கப்படும் என்கிறார்கள். கணக்கை மிஞ்சிய அருள் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் உண்டு, அது வரும் வழிதான் வேறு. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. வேதத்தில் பிரஜாபதியின் யாகம் கிறிஸ்துவைத்தான் முன்னறிவித்தது என்று துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுக்கும் வழக்கம் ஒன்றும் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். புருஷ சூக்தத்தில் வரும் பலி உலகம் தோன்றியதைச் சொல்வது, பாவமன்னிப்பைப் பற்றியது அல்ல. இன்னொருவரின் வேதத்தைப் பிய்த்து எங்களுக்குச் சாட்சி தேடுவது மரியாதையும் இல்லை, தேவையும் இல்லை.

அப்படியென்றால் இனி எதையும் செய்யலாமா? இதே கேள்வியை ரோமர் 6இன் முதல் வரியிலேயே பவுல் தூக்கி, "ஒருபோதும் கூடாது" என்று முடித்துவிடுகிறார். ஆனால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. லேவியராகமம் 6 இதில் மிகத் தெளிவு: அயலானை ஏமாற்றி எடுத்தவன் எடுத்ததை முழுமையாகத் திருப்பி, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவரின் கையில் கொடுக்க வேண்டும். பலியைக் கொண்டுவரும் அதே நாளிலேயே கொடுக்க வேண்டும். ஒரு போடியார் (வயலின் உரிமையாளர்) வயற்காரருக்குச் சேர வேண்டிய 20 மூட்டை நெல்லைக் கணக்கில் மறைத்துவிட்டார் என்றால், 24 மூட்டை அந்த வயற்காரர் வீட்டு வாசலில் இறங்க வேண்டும். கோயிலுக்கு 24 மூட்டை கொடுத்துவிட்டு வயற்காரரை மறந்தால் செல்லாது. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசுவும் மத்தேயு 5இல் அதே வரிசையைத்தான் சொல்கிறார். வரி வசூலிப்பவரான சகேயு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன பிறகுதான் "இன்று இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தில் ஆன்ம சோதனை, மனத்துயர், இனிச் செய்யேன் என்ற தீர்மானம், குருவிடம் அறிக்கை, பரிகாரம் என்று ஐந்து படிகள் உண்டு. திருடியதைத் திருப்பித் தரும் கடமையிலிருந்து எந்தக் குருவும் ஒருவரை விடுவிக்க முடியாது. மெதடிஸ்த ஆலயத்தில் பாவ அறிக்கை சபையாரோடு சேர்ந்து பொதுவாகச் சொல்லப்படும், தனியே குருவிடம் போக வேண்டியதில்லை. ஆனால் மனந்திரும்புதலுக்கேற்ற கனி வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை. கிறிஸ்துவின் பலி கடவுளுக்கு முன்னான குற்றத்தை நீக்குகிறது. அயலவருக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய நெல்லை அது கொடுத்துவிடாது.

இங்கே ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதியில் இந்தப் போதனை பிழையாகச் சொல்லப்பட்டு மனிதரைக் காயப்படுத்தியிருக்கிறது. 2004 டிசெம்பர் 26 சுனாமி நாவலடியையும் கல்லாற்றையும் கல்முனைக் கரையையும் அள்ளிக்கொண்டு போனபின், "இது பாவத்துக்கு வந்த தண்டனை" என்று பேசியவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். கிறிஸ்தவர் அப்படிப் பேசினால் அது நேரடியாக இயேசுவுக்கே எதிர்ப்பேச்சு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று லூக்கா 13இல் அவர் சொல்லிவிட்டார். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டவர்களில் பலர் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைக் கடவுள் பலியாகக் கேட்டார் என்று யாராவது ஆறுதல் சொன்னால் அது ஆறுதலில்லை, அவதூறு. அது கொலை. ஒரேதரம் செலுத்தப்பட்ட பலி போதுமானது என்றால், அதன் பிறகு எந்த மனிதனின் இரத்தமும் கடவுளுக்குத் தேவையில்லை என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது. துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைத்து ஒப்புக்கொடுக்கும் பழக்கம் கத்தோலிக்கரிடம் உண்டு, கொலோசெயர் 1:24ஐ அதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். அது துன்பப்படுகிறவர் தாமாக விரும்பிச் செய்வது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் திரும்பிப்போகச் சொல்லி, "இது உன் சிலுவை, சும" என்று ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்வது அதன் நேர்மாறு. என் உயிரை ஒருவனும் என்னிடமிருந்து பறிப்பதில்லை, நானே அதைக் கொடுக்கிறேன் என்றார் இயேசு. தானே கொடுப்பதுதான் பலி, மற்றவரைக் கொடுக்க வைப்பது கொடுமை. அந்தப் பெண்ணுக்குத் தேவை பாதுகாப்பும் பொலிஸ் முறைப்பாடும், பிரசங்கம் இல்லை.

ஒரு சிறு விளக்கம், நீங்கள் இரண்டு வகை ஆலயங்களுக்கும் போக நேர்ந்தால் குழம்பாமல் இருக்க. கத்தோலிக்கர் தங்கள் வழிபாட்டைத் திருப்பலி என்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, கிறிஸ்துவை ஒவ்வொரு ஞாயிறும் திரும்பப் பலியிடுகிறார்கள் என்று மற்றச் சபைகளில் சிலர் குற்றம் சொல்வார்கள். 1562இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் சொன்னது அதுவல்ல. சிலுவையில் நடந்த அதே ஒரே பலி, இரத்தம் சிந்தாத முறையில் முன்நிறுத்தப்படுகிறது என்றுதான் சொன்னது. அந்த விளக்கமும் அங்கிலிக்கருக்கும் மெதடிஸ்தருக்கும் முழுதாக உவப்பானதல்ல, சிலுவையில் நடந்தது நிறைவானது, அதை நினைவுகூர்ந்து பங்குபெறுகிறோம் என்பது அவர்கள் நிலை. இந்தப் பேதம் இன்னும் தீரவில்லை. ஆனால் மனிதர் கடவுளுக்கு முன் நீதிமானாவது அருளால் என்பதில் 1999இல் லூதரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன, 2006இல் உலக மெதடிஸ்த பேரவையும் சேர்ந்துகொண்டது. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய காலத்திலிருந்து மெதடிஸ்தரும், அவர்களுக்கு முன்பிருந்தே கத்தோலிக்கரும் அருகருகே வாழும் மட்டக்களப்புக்கு இது சின்னச் செய்தியில்லை.

இன்னொன்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிலுவை மட்டும் தனியாக இல்லை. கிறிஸ்து எழுந்திராவிட்டால் நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில்தான் இருக்கிறீர்கள் என்று பவுல் எழுதுகிறார். நண்பர் பெரிய வெள்ளிக்குப் போயிருக்கிறார், அதனால் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். உயிர்த்த ஞாயிற்றை விட்டுவிட்டால் எஞ்சுவது ஒரு நல்லவரின் கொடூரமான சாவு, அதற்கு யாரையும் மீட்கும் வல்லமை இல்லை.

நம்பாதவருக்கும் இந்தப் பலி உரியதா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். நம்முடைய பாவங்களுக்கு மட்டுமல்ல, உலகம் முழுவதின் பாவங்களுக்கும் என்கிறது முதலாம் யோவான் 2:2. கடவுளால் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்காக மட்டுமே என்று, கல்வின் வழியினர் 1618, 1619இல் கூட்டிய டோர்ட் சங்கத்தின் வழிவந்த சபைகள் சொல்லும். வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் எல்லாருக்காகவும் என்பார்கள், நானும் அப்படியே. எல்லாருக்காகவும் கொடுக்கப்பட்டது என்பது வேறு, அதை ஒருவர் ஏற்றுக்கொள்வது வேறு. நற்செய்தியை அறியாமல் நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடுபவரும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கூறியது. சுதந்திரச் சபைகள் பல இதை ஏற்பதில்லை. இதில் எல்லாக் கிறிஸ்தவர் சார்பிலும் ஒரே பதில் தருவதாக யாராவது சொன்னால், அவர் தன் சபையின் பதிலைத்தான் தருகிறார்.

மேலும் படிக்க விரும்பினால் எபிரெயர் நிருபத்தில் தொடங்காதீர்கள், பலிமுறை தெரியாமல் அது பிடிபடாது. முதலில் மாற்கு நற்செய்தியை 14ஆம் அதிகாரத்திலிருந்து முடிவுவரை ஒரே இருப்பில் வாசியுங்கள், ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. பிறகு லூக்கா 15, தந்தையும் இரண்டு மகன்களும். அங்கே தந்தை எந்தப் பலியும் கேட்காமல் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார், உங்கள் கேள்விக்கு அது மிக நெருங்கிய இடம். அதற்குப் பின் லேவியராகமம் 16, ஏசாயா 53, ரோமர் 3 முதல் 6 வரை, கடைசியாக எபிரெயர் 9, 10. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் வாசிக்கலாம், அதிகார எண்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வாசிக்கும்போது எந்த வசனம் இடிக்கிறதோ அதைக் குறித்துவைத்து இங்கேயே கேளுங்கள்.